தொட்டியின் இரண்டாவது மூச்சு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கவிதா என்ற பொறியாளர் திருநின்றவூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். மிகக் குளிர்ந்த திரவங்களுக்குத் தொட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. அம்பத்தூரில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது அதன் வரைபடங்களை வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள்தான். அதில் ஒன்றைச் சாப்பாட்டு மேசைமீது விரித்து, ஒரு குழாய்மீது விரல் வைத்தார்.

"சார், இந்த ரெண்டாவது வென்ட் ஏன் இவ்வளவு தள்ளி இருக்கு? அளவும் முழுசான நம்பரா இல்ல. ஆபீஸ்ல ஒருத்தருக்கும் காரணம் தெரியலை."

வென்ட் என்பது தொட்டி மூச்சு விடும் குழாய். நாங்கள் அதை 'மூச்சு' என்றே சொல்வோம். திரவ ஆக்சிஜனை எவ்வளவு நல்ல தொட்டியில் ஊற்றினாலும் வெளிச்சூடு கொஞ்சம் உள்ளே போகும். திரவம் கொஞ்சம் கொதித்து ஆவியாகும். அந்த ஆவியை வெளியே விட்டாக வேண்டும். மூடி வைத்தால் தொட்டி வெடிக்கும். திறந்தே வைத்தால் திரவம் தீர்ந்துபோகும். என் உத்தியோகம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கழிந்தது.

கவிதாவின் கம்பெனி இப்போது பூமியைச் சுற்றிக்கொண்டே எரிபொருளையும் அதை எரிக்கும் ஆக்சிஜனையும் மாதக்கணக்கில் சேமித்து வைக்கும் தொட்டிக்கு மாதிரி செய்கிறது. வழியில் வரும் விண்கலம் அதிலிருந்து நிரப்பிக்கொண்டு மேலே போகுமாம். அங்கே ஒவ்வொரு குழாயும் சூடு உள்ளே போக ஒரு வழி. அதனால் இரண்டாவது வென்ட்டை எடுத்துவிடலாமா என்று அவர்கள் கூட்டத்தில் பேச்சு. எடுக்கும் முன் காரணம் தெரிய வேண்டும் என்று கவிதா கேட்டிருக்கிறார். என்னைத் தேடி வந்ததும் அதற்குத்தான்.

காரணம் எனக்குத் தெரியும். அது நடந்தபோது நான் அங்கே இருந்தேன்.

நான் அறுபதுகளின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வந்தேன். அதற்கு முன் நகரத்தில் ஒரு நாளிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். முதலில் ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் நிரப்பும் வேலை, பிறகு சோதனைப் பிரிவு. கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொன்னால், அழுத்தம் காட்டும் முள்ளைப் பார், பார்த்ததைச் சொல், நினைத்ததைச் சொல்லாதே.

இப்படிச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் மேனேஜர் தேவசகாயம். நாகர்கோவில்காரர். விமானப்படையில் ஆக்சிஜன் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. துப்புரவுத் தொழிலாளியையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். காலையில் தொட்டிக் கொட்டகையின் வாசலில் நிற்பார். "கை" என்பார். நாம் இரண்டு கையையும் நீட்ட வேண்டும். குனிந்து முகர்ந்து பார்ப்பார். அடுத்து தலை. தேங்காய் எண்ணெய் வாசனை இருந்தால் அன்றைக்கு லேத்துப் பக்கம் வேலை. சண்டை கிடையாது, சம்பளப் பிடித்தம் கிடையாது, உள்ளே மட்டும் விடமாட்டார்.

ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் அது தொட்ட எண்ணெய் சிறு பொறியில் பற்றிக்கொள்ளும், வெடிக்கவும் செய்யும். அவரே தலையில் எண்ணெய் வைப்பதில்லை. தேங்காய் நார் மாதிரி முடி நிற்கும். 'காஞ்ச தலை' என்று ஆட்கள் பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும்.

ஆக்சிஜன் ஆவி பட்டவர்கள் உடனே பீடி பற்ற வைக்கக் கூடாது என்பது அவருடைய இன்னொரு விதி. ஆவி துணியில் தங்கும். காற்று வீசும் இடத்தில் சட்டையை உதறிக்கொண்டு நெடுநேரம் நிற்க வேண்டும். அவரும் கூடவே நிற்பார்.

எழுபதுகளின் நடுவில் ராக்கெட் வேலை செய்பவர்களிடமிருந்து எங்களுக்கு ஒரு ஆர்டர் வந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தொட்டி. நடுவில் காற்றே இருக்கக் கூடாது. உள்தொட்டியைச் சுற்றிப் பளபளக்கும் மெல்லிய அலுமினியத் தாளையும் கண்ணாடி நார்த் தாளையும் மாற்றி மாற்றிப் பல அடுக்காகச் சுற்ற வேண்டும். சூடு கதிராக வந்தால் பளபளப்பு அதைத் திருப்பி அனுப்பும்.

ஆர்டரோடு வந்த அதிகாரி ஒருவர், அமைதியான மலையாளி, ஒருநாள் தாள் சுற்றும் பெண்களிடம் சொன்னார்: "என்றாவது இப்படி ஒரு தொட்டி வானத்தில் சுற்றும். நீங்கள் பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சுகிறீர்களே, அங்கே அந்த வேலையே இல்லை. வெற்றிடம் சும்மா கிடக்கிறது."

"அப்ப எங்களுக்கும் அங்க வேல இல்லியா சார்?" என்று கேட்டாள் சரோஜா.

"தாள் நீங்கள்தான் சுற்ற வேண்டும். அங்கே ஒரு பக்கம் சூரியன்."

சரோஜா கோவில்பதாகைக்காரி. தாள் சுற்றும் பெண்களுக்குத் தலைவி மாதிரி. அப்பா அம்மா வயல் வேலை செய்தவர்கள். அந்த அறைக்குள் கையுறையில்லாமல் போகக் கூடாது, வளையல் கூடாது, தலையில் பூவும் கூடாது. அறைக்கு வெளியே ஆணி அடித்த ஒரு பலகை இருந்தது. பெண்கள் உள்ளே போகும்போது பூச்சரத்தை அதில் மாட்டிவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமைகளில் அந்த நடை முழுக்க மல்லிகை வாசனை. மாதக்கணக்கில் அப்படித்தான் வேலை நடந்தது. தொட்டியைச் செய்தவர்கள், ஆனால் ஒரு பூவோடுகூட அதன் பக்கத்தில் போனதில்லை.

தொட்டி முடிந்தது. நான்கு பக்கமும் திறந்த தகரக் கொட்டகையில் நிறுத்தி, கழுத்துவரை திரவ ஆக்சிஜன் நிரப்பி, ஒரு நாளைக்கு எவ்வளவு ஆவியாகிறது என்று பார்க்கும் சோதனை தொடங்கியது. ராக்கெட்காரர்கள் வந்து பார்க்கும்வரை அதை நிறுத்தக் கூடாது. நடுவில் ஆயுத பூஜை வந்தது.

தேவசகாயம் பூஜையை லேத்துக் கொட்டகையில் வைக்கச் சொன்னார். முதலாளி கேட்கவில்லை.

"என்ன மேனேஜர் நீங்க! வருஷம் பூரா உழைச்சு செஞ்சது அது. அத விட்டுட்டு லேத்துக்குக் கற்பூரம் காட்டச் சொல்றீங்களா? ஜனங்க மனசு என்ன ஆவும்?"

தான் கிறிஸ்தவர் என்பதால் இந்தப் பேச்சை எதுவரை கொண்டுபோகலாம் என்று தேவசகாயம் அளந்துகொண்டது எனக்குத் தெரிந்தது. கடைசியில் ஓர் ஏற்பாடு. தொட்டியிலிருந்து தள்ளித் தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு. விளக்கு, கற்பூரம், ஆட்கள் எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். சந்தனம், குங்குமம், பூ எல்லாம் தொட்டியின் கால்களுக்கு மட்டும். அதைத் தாண்டி ஒன்றும் கிடையாது.

பூஜையன்று காலையில் முள் சரியாக இருந்தது. நான்தான் பார்த்தேன். தொட்டியின் உச்சியிலிருந்து வெள்ளைப் பனிப்புகை மெல்லிய நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு வாசலில் வந்தவர்களை வரவேற்கச் சொல்லி முதலாளி என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்.

அந்த இடைவெளியில் பெண்கள் கட்டிக் கொண்டுவந்த மாலையோடு சரோஜா தொட்டியடியில் நின்றிருக்கிறாள். கால்களுக்கு மட்டும் என்று சொன்னது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாமிக்கு மாலையைக் காலில் கட்டுவார்களா? பக்கத்தில் வெல்டர் ஏகாம்பரம். பருத்திப்பட்டுக்காரன். தன் குழந்தை நன்றாக இருக்க வேண்டிக்கொண்டு போன வாரம்தான் திருத்தணியில் மொட்டை போட்டுவிட்டு வந்திருந்தான்.

"அண்ணே, கழுத்துல போட்டாத்தானே மாலை?"

"இதுக்குக் கழுத்து எங்கமா கீது?"

"தோ, மேல ரெண்டு கொம்பு நிக்குது பாரு. அதுல போடேன்."

ஏகாம்பரம் ஏணியில் ஏறிப் போட்டுவிட்டு இறங்கினான். மேலே நின்ற இரண்டு கொம்பில் ஒன்று மூச்சுக்குழாய். இன்னொன்று, மூச்சு அடைத்தால் திறந்துகொள்ள வேண்டிய சேஃப்டி வால்வு. வேலை சுலபம் என்பதற்காக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தோம். ஒரே மாலை இரண்டின் மேலும் விழுந்தது. விழுந்ததோடு, வால்வின் வாயில் கொஞ்சம் சந்தனமும் வைத்துவிட்டு வந்தான். இவை எல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை.

முதலாளி வாசலிலிருந்து உள்ளே வரத் தாமதம். ஐயர் மந்திரத்தை நீட்டிக்கொண்டிருந்தார். கொட்டகைக்குப் பக்கவாட்டில் சமையல்காரர் விறகு அடுப்பில் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் பெண்களும் ஆண்களுமாக நெருக்கி நின்றார்கள். எல்லோர் தலையிலும் எண்ணெய் பளபளத்தது. பண்டிகை நாள், தேவசகாயம் யாருடைய கையையும் முகரவில்லை. ஐந்து முகக் குத்துவிளக்கு நல்லெண்ணெயில் எரிந்தது.

நான் கும்பிடத் தலை நிமிர்ந்தபோது தொட்டியின் உச்சியைப் பார்த்தேன். மாலை தெரிந்தது. புகை தெரியவில்லை.

புகை வந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். நின்றுபோனால் யாரும் கவனிப்பதில்லை. நான் கூட்டத்தை விட்டு விலகி, ஓடாமல் நடந்து, முள்ளைப் பார்த்தேன். சிவப்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது. சோதனைக்காகத் தொட்டியை நிரம்ப நிரப்பியிருந்தோம். மேலே ஆவிக்கு இடம் குறைவு. அதனால் அழுத்தம் வேகமாக ஏறியிருந்தது. நான் பார்க்கும்போதே முள் லேசாக நகர்ந்தது.

தேவசகாயம் என் பின்னால் வந்து நின்றிருந்தார். நான் பார்த்ததைச் சொன்னேன்.

"மூச்சு நின்னுடுச்சு சார். வால்வும் திறக்கல. முள் ஏறுது."

அவர் உச்சியைப் பார்த்தார். மாலை ஒரு வெள்ளைக் கட்டியாக இறுகியிருந்தது. பூவில் தெளித்த தண்ணீர், சந்தனத்தின் ஈரம், ஐப்பசிக் காற்றின் ஈரம் எல்லாம் சேர்ந்து உறைந்து இரண்டு வாயையும் அடைத்துவிட்டன. நன்றாகச் செய்த தொட்டி மெதுவாகத்தான் மூச்சு விடும். மெதுவான மூச்சால் பனிக்கட்டியைத் தள்ள முடியாது.

தொட்டிக்குக் கடைசிக் காவல் ஒன்று உண்டு. அழுத்தம் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் ஒரு மெல்லிய தகடு கிழிந்துவிடும். தொட்டி பிழைக்கும். ஆனால் உள்ளேயிருந்து பீறிடும் குளிர் ஆக்சிஜன் காற்றைவிடக் கனமானது. அப்படியே தரையில் இறங்கிப் பரவும். சுண்ணாம்புக் கோடு அதைத் தடுக்காது. கோட்டுக்கு அந்தப் பக்கம் எண்ணெய்த் தலைகள், நல்லெண்ணெய் விளக்கு, கற்பூரத் தட்டு. அடிவால்வைத் திறந்து திரவத்தை அவசரத்துக்கென்று வெட்டிய குழியில் விடலாம் என்றால், குழிக்குப் பக்கத்தில்தான் பொங்கல் அடுப்பு.

தேவசகாயம் கூட்டத்துக்கு முன்னால் போனார். வழக்கமான குரல்தான்.

"ஐயா, மந்திரத்தை நிறுத்துங்க. யாரும் ஓடாதீங்க. கேட் பக்கமா நடந்து ரோட்டுக்குப் போங்க. முதல்ல பெண்கள். சமையல்காரரே, அடுப்பில் தண்ணி ஊத்துங்க."

ஃபோர்மேன் முனுசாமிக்குக் கோபம். "இன்னா சார் இது? தீபாராதன ஆவல. பாதில எப்படிப் போறது?"

"தொட்டி அடைச்சிருக்கு முனுசாமி. விளக்கைக் குளிர வைக்கணும்."

ஒருவரும் அசையவில்லை. ஆயுத பூஜை விளக்கைத் தன் கையால் அணைக்க யாரும் தயாராக இல்லை. தேவசகாயமும் விளக்கைத் தொடவில்லை. அவர் தொட்டால் அது வேறு பேச்சாகிவிடும். இரண்டு மூன்று நொடி இருக்கும். எனக்கு முள்ளைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

சரோஜா தலையிலிருந்த பூவைப் பிய்த்தாள். உட்கார்ந்து, ஒவ்வொரு திரியாகப் பூவால் அழுத்தினாள். ஐந்தும் அணைந்தன. கற்பூரத் தட்டை ஐயரே அணைத்து எடுத்துக்கொண்டு நடந்தார். அதைப் பார்த்தபின் கூட்டம் நகர்ந்தது. முனுசாமி எல்லோரையும் முதுகில் கைவைத்து அனுப்பிக்கொண்டிருந்தான். "நடங்கப்பா, நடங்க. பீடிய பத்த வச்சீங்க, நானே கொன்னுடுவேன்."

தேவசகாயம் என்னிடம், "நீங்க முள்ளை விட்டு நகரக் கூடாது. சத்தமா சொல்லிக்கிட்டே இருங்க," என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் கால் வைத்தார். எண்ணெய் படாத தலை அவருடையது.

ஏகாம்பரம் அவர் கையைப் பிடித்தான்.

"சார், எறங்குங்க. நான்தான் போட்டேன். நானே எடுக்கறேன்."

"உங்களுக்குக் குழந்தை இருக்கு ஏகாம்பரம்."

"உங்களுக்கு மட்டும் இல்லியா? தகடு கிழிஞ்சா கீழ இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியாது சார். உங்களுக்குத் தெரியும். எனக்குத் தலைல முடியே இல்ல, எண்ணெ எங்கேர்ந்து வரும்?"

தேவசகாயம் "கை" என்றார். ஏகாம்பரம் நீட்டினான். அவர் குனிந்து முகர்ந்தார். "சோப்பு போட்டுக் கழுவுங்க," என்றார். ஏகாம்பரம் கழுவிவிட்டு வந்து மறுபடி நீட்டினான். அவர் மறுபடி முகர்ந்தார். அந்த நேரத்தில் அது தேவையா என்று எனக்குத் தோன்றியது. தேவைதான்.

"இரும்பால தட்டக் கூடாது. எதாலயும் தட்டக் கூடாது. தண்ணி மட்டும் ஊத்துங்க. அந்தப் பனிக்கட்டிக்கு நம்ம குழாத்தண்ணியே கொதிதண்ணி. முதல்ல வால்வு, அப்புறம் மூச்சு. முகத்தை மேல கொண்டுபோகாதீங்க."

சமையல்காரரின் பித்தளைக் குடம்தான் கையில் கிடைத்தது. பாத்திரம் தேய்த்துக் கழுவியிருந்ததா என்று தேவசகாயம் விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். ஏகாம்பரம் தோளில் குடத்தோடு ஏறினான். நான் முள்ளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சிவப்புக்கு ஒரு கோடு கீழே. அரைக் கோடு. முதல் குடம் காலியாயிற்று. மாலையில் ஒரு பக்கம் நொறுங்கியது. உறைந்த மல்லிகை தரையில் விழுந்து கண்ணாடி மாதிரி உடைந்தது. ஆவி வரவில்லை.

"இன்னொரு கொடம்!"

கீழேயிருந்து அதை ஏற்றிக் கொடுத்தவர் தேவசகாயம். முள் சிவப்பைத் தொட்டது. தொட்டுவிட்டது என்று சொன்னேன். அடிவால்வின் பிடிமேல் தேவசகாயத்தின் கை இருந்தது. அடுப்பு அணைந்துவிட்டதா என்று அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

மேலே ஒரு சீறல். வெள்ளை மேகம் ஏகாம்பரத்தை மூடியது. ஏணியின் கீழ்ப்படிகளும் அவன் கால்களும்தான் தெரிந்தன. மூச்சுக்குழாயும் திறந்துகொண்டது. சத்தம் இரட்டையானது. முள் நின்றது, பிறகு இறங்கத் தொடங்கியது. நான் அதையும் சொன்னேன்.

ஏகாம்பரம் இறங்கி வந்தபோது மொட்டைத் தலையெங்கும் பனிப்பொடி.

"சார், ஒரே ஒரு பீடி."

"கொடுங்க அதை," என்றார் தேவசகாயம். அவன் இடுப்பிலிருந்த பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் வாங்கி மேசைமீது வைத்தார். கேட் பக்கம், காற்று வீசும் இடத்துக்கு அழைத்துப் போய்ச் சட்டையைக் கழற்றி உதறச் சொன்னார். பட்டரவாக்கம் பக்கம் மின்சார ரயில்கள் போய் வந்துகொண்டிருந்தன. இருவரும் நெடுநேரம் அங்கே நின்றார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது பீடிக்கு நெருப்பு வைத்தவர் தேவசகாயம்தான்.

பூஜையை லேத்துக் கொட்டகையில் மறுபடி தொடங்கினார்கள். விளக்கை ஏற்றச் சொல்லி முதலாளி சரோஜாவைக் கூப்பிட்டார்.

பிறகு சோதனையைப் பார்க்க ராக்கெட்காரர்கள் வந்தார்கள். உட்கார்ந்தவுடன் தேவசகாயம் நடந்ததை முழுவதும் சொன்னார். மாலை என்றார், சந்தனம் என்றார், முள் எங்கே தொட்டது என்றார். யார் போட்டார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. மலையாளி அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கேட்டார்: "மாலை எவ்வளவு நீளம்?"

யாருக்கும் தெரியவில்லை. சரோஜாவைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்து காட்டினாள்.

"நாலு முழம் சார்."

"சரி. அடுத்த தொட்டியிலிருந்து இரண்டு வென்ட் வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்று ஐந்து முழம் தள்ளி இருக்கட்டும்."

சரோஜா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அடுத்த வருசம் ஆறு முழம் கட்டிக்கினு வந்தா இன்னா சார் பண்ணுவீங்க?"

அறையே சிரித்தது. தேவசகாயம் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வரைபடக்காரர் சரோஜாவின் கையிலேயே அளவு வைத்து முழத்தை மில்லிமீட்டராக்கினார். கவிதா விரல் வைத்திருந்த எண் அதுதான்.

நான் சொல்லி முடித்ததும் கவிதா அந்த எண்ணை மறுபடி பார்த்தார். பிறகு அவரும் தன் முழங்கையிலிருந்து விரல்வரை அளந்து பார்த்துக்கொண்டார்.

"அப்போ, சார், மேல மாலை போட ஆளே இல்லையே. ரெண்டாவதை எடுத்துடலாம்தானே?"

"முதல் வென்ட் அங்க அடைக்காதா?"

"அடைக்கலாம். மேல எடையே இல்லாததால திரவம் கீழ தங்காது. எங்கே வேணா மிதக்கும். ஆவி போற வாயில திரவமே வந்து நிக்கலாம். ஈரம் கொஞ்சம் தங்கிட்டாலும் உறையும்."

நான் வரைபடத்தை மடித்து அவரிடம் கொடுத்தேன்.

"அப்படி அடைச்சா, ஒரு குடம் தண்ணிய எடுத்துக்கினு ஏறறதுக்கு அங்க ஆள் இருந்தா, தாராளமா ரெண்டாவதை எடுத்துடும்மா."